ஒப்புதல் வீழ்ச்சியின் காரணிகள்: அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் ஆட்சிக்காலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு (1945–1953)

ஆய்வுச்சுருக்கம்

மக்களாட்சி நாடுகளில் ஆட்சித் தலைவர் ஒருவருக்கு மக்களிடையே உள்ள செல்வாக்கைக் கருத்துக்கணிப்பின்வழி எண்ணாக்கிக் காட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்காவில் நிலைபெற்றது. பதவியேற்ற காலத்தில் உயர்ந்து நிற்கும் இந்த எண் பின்னர்ச் சரிவது ஏன் என்னும் வினாவை, 1945 முதல் 1953 வரை அதிபராக இருந்த ஹாரி ட்ரூமனின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ட்ரூமனின் ஒப்புதல் விகிதம் மூன்று முறை சரிந்தது. இரண்டு முறை மீண்டது. மூன்றாம் சரிவிலிருந்து மீளவில்லை. காலம் செல்லச் செல்ல ஆதரவு தானே தேயும் என்னும் கருத்து இப்போக்கினை முழுமையாக விளக்கவில்லை. விலையேற்றம், கூட்டணிப் பிளவு, முடிவு தெரியாத போர் ஆகியன வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு மக்கள் பிரிவினரை விலகச் செய்தன என்பதும், அவ்விலகலை அளந்த கருவியே அக்கால வாக்குரிமையின் எல்லைகளைத் தன்னுள் கொண்டிருந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒப்புதல் விகிதம், ஹாரி ட்ரூமன், கேலப் கருத்துக்கணிப்பு, கொரியப் போர், விலைக்கட்டுப்பாடு, குடிமை உரிமை.

முன்னுரை

1945 ஏப்ரல் 12 அன்று அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலமானார். துணை அதிபராகப் பொறுப்பேற்று மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத ஹாரி ட்ரூமன் அன்றே அதிபரானார். அவ்வாண்டு ஜூன் மாதம் கேலப் நிறுவனம் நடத்திய கணிப்பில் 87 விழுக்காட்டினர் அவருடைய செயற்பாட்டை ஏற்பதாகக் கூறினர். 1952 பிப்ரவரியில் அந்த எண் 22 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 1974 ஆகஸ்டில் பதவி விலகும் வேளையில் ரிச்சர்ட் நிக்சன் பெற்றிருந்த 24 விழுக்காட்டினும் இது குறைவானதாகும். ஒரே மனிதர் ஏழாண்டுகளுக்குள் இத்தகைய உயரத்தையும் தாழ்வையும் கண்டமையால், ஒப்புதல் வீழ்ச்சியை ஆராய்வோர்க்கு ட்ரூமன் காலம் முதன்மையான சான்றாக அமைகிறது.

இச்சரிவைக் குறித்த விளக்கங்கள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. தலைவரின் ஆளுமைக் குறையே காரணம் என்பது ஒன்று. பதவியில் இருப்போர் எவராயினும் காலப்போக்கில் செல்வாக்கை இழப்பர் என்பது மற்றொன்று. முன்னது தனிமனிதரையும் பின்னது காலத்தையும் காரணமாக்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில், யார் எப்பொழுது எதன் பொருட்டு விலகினர் என்னும் வரலாற்று வினா விடுபட்டுப்போகிறது. அவ்வினாவையே இக்கட்டுரை முன்னெடுக்கிறது.

அளவைக்கருவியின் தோற்றம்

ஜார்ஜ் கேலப் 1935இல் அமெரிக்கப் பொதுக்கருத்து நிறுவனத்தைத் தொடங்கினார். 1936 அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும், ரூஸ்வெல்ட் தோற்பார் எனத் தவறாகக் கணித்தது. மிகச் சிறிய கூறெடுப்பைக் கொண்டு கேலப் அவர் வெல்வார் எனச் சரியாகக் கூறினார். இதன்பின் கருத்துக்கணிப்பு அமெரிக்க அரசியலில் நம்பத்தக்க சான்றாக மதிக்கப்பட்டது.

அதிபர் தம் பணியைச் செய்யும் முறையை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா என்னும் பொருள்பட்ட வினாவே இக்கணிப்பின் அடிப்படை. இவ்வினாவில் அதிபருக்கு மாற்றாக வேறு எவரும் நிறுத்தப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. தேர்தலில் வாக்காளர் இருவரையோ மூவரையோ ஒப்பிட்டுத் தெரிவு செய்கிறார். ஒப்புதல் வினாவிலோ அதிபரைத் தம் எதிர்பார்ப்புடன் ஒப்பிடுகிறார். எனவே ஒப்புதல் விகிதம் வாக்கு விகிதம் ஆகாது. இவ்வேறுபாடு 1948ஆம் ஆண்டைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

முதற் சரிவு (1945–1946): விலையும் வேலைநிறுத்தமும்

87 விழுக்காடு என்னும் தொடக்க எண் ட்ரூமன் தாமே ஈட்டியதன்று. மறைந்த தலைவருக்கான துயரம், ஐரோப்பாவில் அடைந்த வெற்றி, புதியவர்க்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணம் ஆகியவற்றால் சேர்ந்த தொகை அது. முன்பு ரூஸ்வெல்ட்டை எதிர்த்தோரும் அதில் அடங்கியிருந்தனர். போர் முடிந்ததும் அவரவர் தம் பழைய நிலைப்பாட்டுக்குத் திரும்பியதை இழப்பு என்று கூறுவதைவிட, இரவல் பொருள் உரியவரிடம் திரும்பியது என்று கூறுவது பொருந்தும்.

எனினும் 1946 இலையுதிர்காலத்தில் ஒப்புதல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தமைக்கு இது மட்டும் காரணமன்று. போர்க்காலத்தில் அடக்கிவைக்கப்பட்டிருந்த கூலிக் கோரிக்கைகள் அமைதிக்காலத்தில் வெடித்தெழுந்தன. 1945 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளரும், 1946 ஜனவரியில் ஏறத்தாழ 7,50,000 எஃகுத் தொழிலாளரும், தொடர்ந்து நிலக்கரி, இரயில்வேத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1946இல் மட்டும் ஏறத்தாழ 46 இலட்சம் பேர் வேலைநிறுத்தங்களில் பங்கேற்றனர். மே 25 அன்று காங்கிரசில் உரையாற்றிய ட்ரூமன், வேலைநிறுத்தம் செய்யும் இரயில்வேத் தொழிலாளரைப் படையில் சேர்க்கும் அதிகாரத்தைக் கோரினார். அவர் உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. ஆனால் தொழிற்சங்கங்களின் சினம் முடிவுக்கு வரவில்லை.

விலைச் சிக்கலிலும் இதே நிலை ஏற்பட்டது. போர்க்கால விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டமுன்வரைவை ட்ரூமன் மறுத்தமையால் 1946 ஜூன் 30 அன்று கட்டுப்பாடு காலாவதியானது. ஜூலையில் விலைகள் தாவி ஏறின. பிறகு வலுக்குறைந்த வடிவில் கட்டுப்பாடு மீண்டும் வந்தது. இறைச்சிக்கு உச்சவிலை விதிக்கப்பட்டபோது கால்நடை வளர்ப்போர் விலங்குகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தனர். தேர்தலை நெருங்கிய வேளையில் கடைகளில் இறைச்சி கிடைக்கவில்லை. அக்டோபர் 14 அன்று இறைச்சிக் கட்டுப்பாட்டை அதிபர் நீக்கினார். 1946 டிசம்பருடன் முடிந்த ஓராண்டில் நுகர்பொருள் விலை 18 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது.

இங்கு நிகழ்ந்தது இருபக்க இழப்பாகும். கட்டுப்பாட்டை விரும்பியோர் அவர் அதனைக் காக்கவில்லை என்றும், வெறுத்தோர் அவர் அதனை முன்னரே நீக்கவில்லை என்றும் குறைகூறினர். நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் அவையில் 246 இடங்களையும் செனட்டில் 51 இடங்களையும் பெற்று இரு அவைகளையும் கைப்பற்றியது. ட்ரூமன் பதவி விலகுவதே முறை என்று அவருடைய கட்சியைச் சேர்ந்த செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட்டே கருத்துரைத்தார்.

மீட்சியும் இரண்டாம் சரிவும் (1947–1948)

தோல்விக்குப் பின் நான்கே மாதங்களில், 1947 மார்ச்சில், ஒப்புதல் 60 விழுக்காடாக உயர்ந்தது. இம்மீட்சிக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, 1946 இறுதியில் நிலக்கரித் தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசை ட்ரூமன் நீதிமன்றத்தின் வழியாக எதிர்கொண்டார். சங்கத்துக்கு 35 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட, வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. இரண்டாவது, காங்கிரஸ் எதிர்க்கட்சியின் கைக்குச் சென்றமையால் பழியும் பகிர்ந்துகொள்ளப்பட்டது. மூன்றாவது, மார்ச் 12 அன்று கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி வழங்கக் கோரிய உரை அவரை உலக அரங்கின் தலைவராகக் காட்டியது. ஒரே பதவிக்காலத்துக்குள் நிகழ்ந்த இவ்வேற்றம், சரிவு என்பது காலத்தின் தவிர்க்கமுடியாத விளைவு என்னும் கருத்துக்கு மாறாக நிற்கிறது.

1948 ஏப்ரலில் ஒப்புதல் மீண்டும் 36 விழுக்காடாகக் குறைந்தது. இம்முறை விலகியோர் வேறு பிரிவினர். 1948 பிப்ரவரி 2 அன்று ட்ரூமன் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், ஆளடித்துக் கொலை செய்வதைத் தடுக்கும் சட்டம், வாக்குரிமைப் பாதுகாப்பு முதலியவற்றைக் கோரினார். அதுவரை ஜனநாயகக் கட்சியின் அசையாத கோட்டையாக இருந்த தென்மாநில வெள்ளையர் கொதித்தெழுந்தனர். மறுபுறம் ஹென்றி வாலஸ் மூன்றாம் கட்சியைத் தொடங்கி இடதுசாரி ஆதரவாளரைப் பிரித்தார். பாலத்தீனப் பிரிவினை குறித்து மார்ச் மாதம் அமெரிக்கா ஐக்கிய நாடுகள் அவையில் நிலைப்பாட்டை மாற்றியது யூத வாக்காளரிடையே ஏமாற்றத்தை உண்டாக்கியது. விலையேற்றமும் தணியவில்லை.

முதற் சரிவில் ஆட்சித்திறன் குறித்த ஐயம் மேலோங்கியிருந்தது. இரண்டாம் சரிவிலோ கொள்கைத் தெளிவே இழப்புக்குக் காரணமாயிற்று. குடிமை உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டிருந்தால் தெற்கைத் தக்கவைத்திருக்கலாம். ஆனால் 1948 ஜூலை 26 அன்று படைத்துறையில் இனவேறுபாடின்றிச் சமவாய்ப்பு வழங்கும் ஆணையை ட்ரூமன் வெளியிட்டார். எண்ணளவில் ஒன்றுபோல் தோன்றும் இரு சரிவுகள் பொருளளவில் முற்றிலும் வேறானவை என்பது இதனால் புலப்படும்.

யாருடைய ஒப்புதல்?

1948 நவம்பர்த் தேர்தலில் தாமஸ் டூயி வெல்வார் என்று கேலப், ரோப்பர், கிராஸ்லி ஆகிய மூன்று முதன்மைக் கணிப்பாளரும் கூறினர். ட்ரூமன் 303 தேர்வர் வாக்குகளைப் பெற்று வென்றார். டூயிக்கு 189, தென்மாநிலக் கிளர்ச்சியாளரின் வேட்பாளர் ஸ்ட்ராம் தர்மண்டுக்கு 39. இப்பிழையைச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் அமைத்த குழு ஆராய்ந்தது. தேர்தலுக்கு முந்தைய இறுதி நாட்களில் கணிப்பு நடத்தப்படாமை, ஒதுக்கீட்டுக் கூறெடுப்பில் யாரைக் கேட்பது என்பதைப் பேட்டியாளரின் விருப்பத்துக்கு விட்டமை ஆகிய குறைகள் வெளிப்பட்டன.

இப்பிழைக்கும் அப்பால் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. அக்காலக் கேலப் கூறெடுப்பு மக்கள்தொகை முழுவதையும் அன்றி, வாக்களிக்கும் மக்களைப் பிரதிபலிக்குமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. தென்மாநிலக் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை ஆகியவற்றால் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். ஆதலால் கூறெடுப்பிலும் அவர்கள் மிகக் குறைவாகவே இடம்பெற்றனர். 1948 ஏப்ரலின் 36 விழுக்காட்டில் தென்மாநில வெள்ளையரின் சினம் பதிவாயிற்று. யாருடைய உயிருக்குப் பாதுகாப்புக் கோரி ட்ரூமன் காங்கிரசை அணுகினாரோ அவர்களுடைய குரல் மிகக் குறைவாகவே பதிவாயிற்று. மக்கள் ஒப்புதல் என்று இன்று நாம் எடுத்தாளும் அந்த எண்ணில் மக்கள் அனைவரும் இல்லை.

வாக்குரிமை பெற்றிருந்த வடமாநில நகரங்களில் நிலை வேறாயிருந்தது. ஓகையோ, கலிபோர்னியா, இல்லினாய் ஆகிய மூன்று மாநிலங்களிலும் ட்ரூமன் 35,000க்கும் குறைவான வாக்கு வேறுபாட்டிலேயே வென்றார். அங்கெல்லாம் கறுப்பின வாக்காளரின் ஆதரவு வெற்றிக்குத் துணைநின்றது. கணிப்பில் சரிவாகத் தோன்றிய கொள்கை, தேர்தலில் வெற்றிக்கான காரணிகளுள் ஒன்றாயிற்று.

மூன்றாம் சரிவு (1949–1952): முடிவில்லாப் போர்

வெற்றிக்குப்பின் 1949 ஜனவரியில் ஒப்புதல் 69 விழுக்காடாக இருந்தது. அவ்வாண்டு பொருளாதார மந்தம் நிலவியது. சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்த செய்தி செப்டம்பரில் வெளியானது. அக்டோபர் முதல்நாள் சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியுள்ளதாகக் குற்றஞ்சாட்டத் தொடங்கினார். 1950 ஜூனில், கொரியப் போருக்குச் சற்று முன்னரே, ஒப்புதல் 37 விழுக்காடாக இறங்கியிருந்தது. எனவே மூன்றாம் சரிவைப் போர் தொடங்கிவைக்கவில்லை. ஆழப்படுத்தியது என்பதே பொருத்தம்.

ஜூன் 25 அன்று வடகொரியப் படை எல்லையைக் கடந்தது. அதிபரின் எதிர்வினையை மக்கள் வரவேற்றனர். ஜூலையில் ஒப்புதல் 46 விழுக்காடாக உயர்ந்தது. செப்டம்பர் 15 அன்று இன்சான் கடற்கரையில் நிகழ்ந்த படையிறக்கம் விரைவான வெற்றியை எதிர்பார்க்க வைத்தது. நவம்பர் இறுதியில் சீனப் படைகள் பெருமளவில் தாக்கியதும் அவ்வெதிர்பார்ப்பு தகர்ந்தது. கொரியப் போரில் இறங்கியது தவறு எனக் கூறியோர் 1950 ஆகஸ்டில் 20 விழுக்காட்டினர். 1951 தொடக்கத்தில் 49 விழுக்காட்டினர். போரின் இழப்பைவிட, இழப்புக்கு ஈடான முடிவு கண்ணுக்குத் தெரியாமற்போனதே மக்களைத் தளரச் செய்தது எனலாம்.

1951 ஏப்ரல் 11 அன்று ட்ரூமன் தளபதி டக்ளஸ் மெக்கார்தரைப் பதவியிலிருந்து நீக்கினார். போரைச் சீனாவுக்கு விரிவுபடுத்த வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்ட தளபதிக்கு மக்கள் பெரும் வரவேற்பளித்தனர். ஜூலையில் தொடங்கிய போர்நிறுத்தப் பேச்சு இழுத்துக்கொண்டே சென்றது. விலையேற்றம் 1951இல் மீண்டும் 8 விழுக்காட்டை நெருங்கியது. வருவாய்த் துறை ஊழல் வெளிப்பட்டு அதிகாரிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். 1952 ஏப்ரலில் எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்த ஆணையை ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்னும் பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. இதற்குள் மார்ச் 29 அன்றே மீண்டும் போட்டியிடப்போவதில்லை என ட்ரூமன் அறிவித்துவிட்டார்.

முன்னைய இரு சரிவுகளிலும் பழியைப் பங்கிட்டுக்கொள்ள எதிர்க்கட்சிக் காங்கிரசோ, ஒப்பிட்டு நோக்க டூயி போன்ற எதிர்வேட்பாளரோ இருந்தனர். மூன்றாம் சரிவில் காங்கிரஸ் அவருடைய கட்சியின் கையிலேயே இருந்தது. அவர் போட்டியிலிருந்தும் விலகிவிட்டார். மீட்சிக்கான இரு வழிகளும் அடைபட்டன.

கோட்பாடுகளும் சான்றுகளும்

ஒப்புதல் சரிவைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த முன்னோடி ஜான் முல்லர். 1970இல் வெளிவந்த ஆய்வில் அவர் நான்கு காரணிகளை முன்வைத்தார்: ஒவ்வொரு முடிவும் ஒரு சிறுபான்மையினரை அதிருப்திக்குள்ளாக்க, அவர்கள் காலப்போக்கில் ஒன்றுசேர்தல், பன்னாட்டு நெருக்கடியில் மக்கள் தலைவரைச் சூழ்ந்து நிற்றல், பொருளாதாரத் தளர்ச்சி, போர். கொரியப் போர் ட்ரூமனின் செல்வாக்கைத் தனித்த முறையில் பெரிதும் பாதித்தது என்றும், வியட்நாம் போர் லிண்டன் ஜான்சனுக்கு அத்தகைய தனித்த பாதிப்பை உண்டாக்கவில்லை என்றும் அவர் கண்டார். ஜேம்ஸ் ஸ்டிம்சன் 1976இல் மிகையான எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் சுழற்சியாக நிகழ்வதை வலியுறுத்தினார். சாமுவேல் கெர்னல் 1978இல் காலத்தைக் காட்டிலும் நிகழ்வுகளுக்கும் சூழலுக்குமே முதன்மை தரவேண்டும் என வாதிட்டார்.

ட்ரூமன் காலச் சான்றுகள் கெர்னலின் பக்கமே கூடுதலாகச் சாய்கின்றன. பொருளாதாரக் காரணியைப் பொறுத்தவரை, முல்லர் அளவுகோலாகக் கொண்டது வேலையின்மையை. ஆனால் 1946லும் 1951லும் வேலையின்மை 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. அவ்விரு ஆண்டுகளிலும் ஒப்புதல் கடுமையாகச் சரிந்தது. வேலை இருந்தும் கூலி விலைவாசியை எட்டவில்லை என்னும் குறையை வேலையின்மை அளவுகோல் காட்டாது. வேலையின்மை சிலரைத் தாக்குகிறது. விலையேற்றம் சந்தைக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் தாக்குகிறது. ஆகவே ட்ரூமன் காலத்தை ஆராயும்போது விலைக்குத் தனியிடம் தருவது இன்றியமையாதது.

சிறுபான்மையினர் ஒன்றுசேர்தல் என்னும் கருத்து 1946க்கும் 1948க்கும் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் விலகியோர் அனைவரும் நிலையாக விலகவில்லை. 1946இல் சினந்த தொழிற்சங்கங்கள், 1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி தொழிலாளர் சட்டத்தை ட்ரூமன் மறுத்தபின் அவரிடம் திரும்பின. மறுப்பை மீறி அச்சட்டம் நிறைவேறியபோதும் 1948இல் அவருக்காகவே உழைத்தன. அதிருப்தி சேமிப்பைப்போல் கூடிக்கொண்டே செல்வதில்லை, ஆற்றப்படவும் கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. உயர்ந்த தொடக்க ஒப்புதலில் பெரும்பகுதி சூழலால் வந்தது. அதன் தேய்வைத் தோல்வியாகக் கருதுவதற்கில்லை. ட்ரூமனின் மூன்று சரிவுகளுக்கும் பொதுவாக விலையேற்றம் பின்புலமாக இருந்தபோதிலும், ஒவ்வொன்றிலும் விலகிய மக்கள் பிரிவினரும் விலகிய காரணமும் வேறுபட்டன. பழி பகிரப்படும்போதும் மாற்று வேட்பாளருடன் ஒப்பிடப்படும்போதும் மீட்சி நிகழ்ந்தது. அவை இல்லாதபோது சரிவு நிலைத்தது.

பதவியை விட்டு நீங்கும்போது 32 விழுக்காட்டினரே ட்ரூமனை ஏற்றனர். பிற்கால வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடுகளோ அவரை அமெரிக்க அதிபர்களுள் முதல் பத்து இடங்களுக்குள் வைத்துள்ளன. மக்கள் அன்று தவறாகக் கணித்தனர் என்று இதனால் முடிவு செய்தல் ஆகாது. இறைச்சிக்காகக் காத்திருந்தோர்க்கும் மகனைக் கொரியாவில் இழந்தோர்க்கும் குறைகூறும் உரிமை உண்டு; ஊழலும் உண்மையே. ஆனால் குடிமை உரிமைக் கோரிக்கையும், படைத்துறை குடிமை ஆட்சிக்குக் கட்டுப்பட்டது என்பதை நிலைநாட்டிய தளபதி நீக்கமும் அதே எண்ணைக் குறைத்தன. தவறுக்கான தண்டனையும் சரியான முடிவுக்கான விலையும் ஒப்புதல் விகிதத்தில் ஒரே வடிவில்தான் பதிவாகின்றன. இரண்டையும் பிரித்தறிவதற்கு எண்ணுக்குப் பின்னால் நின்ற மக்களையும், எண்ணுக்குள் இடம்பெறாத மக்களையும் தேடிச் செல்லும் வரலாற்று ஆய்வு தேவைப்படுகிறது. பிற நாட்டுத் தலைவர்களின் செல்வாக்குச் சரிவை ஆராய்வோரும் எவ்வளவு குறைந்தது என்பதோடு நில்லாமல், கணிப்பில் யாருடைய குரல் கேட்கப்பட்டது என்பதையும் வினவுவது ஆய்வுக்கு வலுச் சேர்க்கும்.